பின்கோடு பெயரில் ஒரு படம்

சினிமாவுக்கு ஹீரோவின் பெயரை வைப்பார்கள், சாமி பெயரை வைப்பார்கள், ஊர்ப் பெயரைக்கூட வைப்பார்கள். தபால்காரர் பார்க்கிற பின்கோடு நம்பரைப் பெயராக வைத்து, அதுவும் ஜனங்கள் மனசில் அழியாமல் நின்று போனதென்றால் அது 'சென்னை 600028' படம்தான். 2007-ம் வருஷம் ஏப்ரல் 27-ந் தேதி வெளிவந்தது. இன்றைக்கும் ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் டி.வி.யில் போட்டால், எங்கள் கொரட்டூர் வீட்டு வசதி வாரியக் குடியிருப்பில் நாலு வீட்டிலிருந்தாவது ஒரே நேரத்தில் அந்தச் சிரிப்புச் சத்தம் கேட்கும். வசனம் எல்லாம் மனப்பாடம். ஆனாலும் சிரிப்பார்கள். 'அப்படி என்னதான் இருக்கு இந்தப் படத்துல?' என்று யோசித்ததன் பலன்தான் இந்தக் கட்டுரை.

முதலில் அந்த நம்பரைப் பற்றி ஒரு வார்த்தை. பின்கோடு நம் நாட்டில் 1972 ஆகஸ்ட் 15-ல் வந்தது. முதலில் வரும் 6 தமிழ்நாடு, கேரளம், புதுச்சேரி பக்கத்தைக் குறிக்கும். 600 என்றால் சென்னை. கடைசி மூன்று எண்தான் எந்தத் தபால் ஆபீஸ் என்று சொல்லும். 028 என்றால் மந்தைவெளி, ராஜா அண்ணாமலைபுரம். ராயபுரத்துக்கு 013. எங்கள் கொரட்டூருக்கு 080. இந்தப் படம் வந்த பிறகு எங்கள் தெருப் பையன்கள் பனியன் முதுகில் '80' என்று பெயிண்டால் எழுதிக்கொண்டு திரிந்தார்கள். துவைத்துத் துவைத்து அலுத்துப் போனவர்கள் அம்மாமார்கள்தான்!

கதை இவ்வளவுதான்

விசாலாட்சி தோட்டத்துப் பையன்கள் 'ஷார்க்ஸ்' என்று ஒரு டீம் வைத்திருக்கிறார்கள். ராயபுரத்தில் 'ராக்கர்ஸ்' என்று ஒரு டீம். இரண்டுக்கும் ஆகாது. ராயபுரத்துப் பையன் ரகு, தன் குடும்பம் வீடு மாறியதால் விசாலாட்சி தோட்டத்துக்கே குடிவருகிறான். எதிரி டீமின் பேட்டையில் போய் எப்படிக் காலம் தள்ளுவது? முதலில் முறைக்கிறான், பிறகு கொஞ்சம் கொஞ்சமாக அவர்களோடு சேர்ந்துவிடுகிறான். நடுவில் கார்த்திக், தன் நண்பன் பழனியின் தங்கையையே காதலிக்க, நட்பில் விரிசல். கடைசியில் ஒரு போட்டி. இடையில் பொடிப் பையன்களிடம் பந்தயம் கட்டி ஆடி, தடியன்கள் தோற்றுப் போகிற அந்தக் கட்டம் ஒன்று போதும், வயிறு வலிக்கச் சிரிக்க.

வெங்கட் பிரபு முதன்முதலாக டைரக்ட் செய்த படம். கங்கை அமரனின் மூத்த மகன். தயாரித்தவர் எஸ்.பி.பி. சரண். இசை யுவன் சங்கர் ராஜா. சிவா, ஜெய், பிரேம்ஜி, நிதின் சத்யா, அரவிந்த் ஆகாஷ், விஜய் வசந்த் என்று ஒரு பட்டாளம். அன்றைக்கு இவர்களில் பெரிய நட்சத்திரம் என்று யாரும் கிடையாது. சிவா ரேடியோவில் பேசிக்கொண்டிருந்தவர். விஜய் வசந்த் பின்னாளில், 2021-ல், கன்னியாகுமரி எம்.பி.யாகவே ஆகிவிட்டார். பெரிய முகம் இல்லாததுதான் படத்துக்கு நல்லதாய்ப் போயிற்று என்று நான் நினைக்கிறேன். திரையில் தெரிந்தது எதிர் வீட்டுப் பையன், மாடி வீட்டு அக்கா பிள்ளை, பால் வாங்கப் போகும்போது பைக்கில் சாய்ந்து நிற்பவன். 'இவன் நம்ம பையன் மாதிரியே இருக்கான்' என்று தோன்றிவிட்டால் அப்புறம் எந்தத் தாய்க்கு மனசு வராது?

அந்த வருஷத்து வெயில்

படம் வந்த நேரத்தையும் நினைத்துப் பாருங்கள். அந்த வருஷம் மேற்கிந்தியத் தீவுகளில் உலகக் கோப்பை. நம்மவர்கள் மார்ச் மாசமே பங்களாதேஷிடமும் இலங்கையிடமும் தோற்று முதல் சுற்றோடு வீடு திரும்பிவிட்டார்கள். ஆண்பிள்ளைகள் எல்லாம் இழவு விழுந்த வீடு மாதிரி முகத்தை வைத்துக்கொண்டிருந்தார்கள். உலகக் கோப்பை கடைசி ஆட்டம் ஏப்ரல் 28. ஆஸ்திரேலியாவும் இலங்கையும் ஆடின. அதற்கு முதல் நாள் இந்தப் படம் ரிலீஸ்! பெரிய கிரிக்கெட் கைவிட்ட நேரத்தில் தெருக் கிரிக்கெட் வந்து கண்ணீரைத் துடைத்தது. எனக்குக் கல்யாணமான புதுசு. என் வீட்டுக்காரர் ஒரு மாசத்துக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தது இந்தப் படத்துக்குத்தான்.

விளையாட்டுப் படம் என்றால் வேறு இல்லையா என்று கேட்கலாம். 2001-ல் வந்த இந்திப் படம் 'லகான்' இருக்கிறது. அதில் தோற்றால் கிராமமே மூன்று மடங்கு வரி கட்ட வேண்டும். 2009-ல் வந்த 'வெண்ணிலா கபடி குழு' கடைசியில் அழ வைத்து அனுப்பும். இந்தப் படத்துப் பையன்களுக்கோ நாட்டைக் காப்பாற்றும் வேலை கிடையாது. அடுத்த பேட்டைக்காரனிடம் தோற்கக் கூடாது, அவ்வளவுதான். நம் பிள்ளைகளின் மானமும் ரோஷமும் நிஜத்தில் அந்த அளவில்தானே இருக்கிறது? சாயங்காலம் ஒரு மேட்ச் தோற்றுவிட்டு ராத்திரி சோறு இறங்காமல் உட்கார்ந்திருப்பவனைப் பார்த்ததில்லையா?

வீடு மாறும்போது

இந்தப் படத்தில் எனக்கு ரொம்பப் பிடித்தது ரகு வீடு மாறுகிற பகுதிதான். எங்கள் பக்கம் பாதிப் பேர் வாடகைக் குடித்தனம். பாடி, அம்பத்தூர் தொழிற்பேட்டை, ஆவடி என்று வேலை எங்கே கிடைக்கிறதோ அதற்குத் தக்கபடி வீடு மாறுகிறவர்கள். பதினோரு மாசம் ஆனதும் வீட்டுக்காரர் வாடகையை ஏற்றுவார், மறுபடி சாமான் கட்ட வேண்டும். பாத்திரத்தை எண்ணுகிறோம், கேஸ் கனெக்‌ஷனை மாற்றுகிறோம், புது ஸ்கூலுக்கு அலைகிறோம். பிள்ளைக்குத் தன் டீம் போயிற்றே என்பது மட்டும் நம் கணக்கில் வருவதில்லை.

நாலு வருஷத்துக்கு முன்னால் எங்கள் பக்கத்து வீட்டுக்கு வில்லிவாக்கத்திலிருந்து ஒரு குடும்பம் வந்தது. பதிமூன்று வயசுப் பையன். இரண்டு மாசம் வாசற்படியில் உட்கார்ந்து மற்றவர்கள் ஆடுவதையே பார்த்துக்கொண்டிருப்பான். அவன் அம்மா, "புது இடம்க்கா, கூச்சப்படறான்" என்பாள். ஒரு நாள் பந்து சாக்கடையில் விழுந்துவிட்டது. யாரும் எடுக்க முன்வரவில்லை. இவன் எழுந்து போய்க் குச்சியை விட்டு எடுத்து, குழாயில் கழுவிக் கொடுத்தான். "டேய், ஃபீல்டிங் நிக்கறியா?" என்று கேட்டார்கள். அன்றைக்கு ராத்திரி மூன்று தோசை கூடுதலாகச் சாப்பிட்டானாம். பெற்றவள் வந்து என்னிடம் சொல்லும்போது அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. வீடு மாறப்போகும் சகோதரிகள், புதுத் தெருவில் தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று விசாரிக்கும்போதே, பிள்ளைகள் எங்கே விளையாடுகிறார்கள் என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள்.

பெண்கள் பக்கம்

ஒரு குறையும் சொல்ல வேண்டும். நான்கு மாசத்துக்கு முன் இந்தப் படத்தைப் பார்த்துக்கொண்டிருந்த என் மகள், பதினோரு வயசு, திடீரென்று கேட்டாள்: "ஏம்மா, இந்த டீம்ல பொண்ணுங்களே இல்லையே, ஏன்?" என் மாமியார், "பொம்பளப் புள்ளைக்கு எதுக்குடி பேட்டு?" என்றார். நான் சட்டென்று ஒன்றும் சொல்லவில்லை. நியாயமான கேள்விதானே? படத்தில் பெண்கள் ஜன்னலில் நிற்கிறார்கள், காதலிக்கப்படுகிறார்கள், ஆட்டத்துக்குள் வருவதில்லை.

2018-ல் வந்த 'கனா' படத்தில் ஐஸ்வர்யா ராஜேஷ் ஒரு விவசாயி மகளாக வந்து பந்து வீசினார். 2025 நவம்பர் 2-ந் தேதி நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கௌர் தலைமையில் நம் பெண்கள் நிஜமாகவே உலகக் கோப்பையைத் தூக்கினார்கள். அந்த ராத்திரி என் மாமியாரும் தூங்கவில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்! மறுவாரம் என் மகள் தெருவில் இறங்கி ஆடினாள். பையன்கள் முதலில் "பேபி ஓவர்" போடு என்று கேலி செய்தார்கள். அவள் ஒருவனை அவுட் ஆக்கியதும் கேலி நின்றது. மாமியார் இப்போது திண்ணையில் உட்கார்ந்து, "இருட்டறதுக்குள்ள வந்துடணும்" என்கிறார். அதற்கு மேல் ஆட்சேபணை இல்லை.

இரண்டாவது பாகமும் நம் வீட்டுக்காரர்களும்

2016 டிசம்பர் 9-ல் இதன் இரண்டாம் பாகம் வந்தது. ஜெயலலிதா மறைந்து நாலு நாள்தான் ஆகியிருந்தது, பழைய நோட்டு செல்லாது என்று எல்லோரும் பாங்க் வாசலில் நின்ற சமயம், மூன்றாம் நாள் வர்தா புயல் வேறு. அத்தனைக்கும் நடுவில் ஜனங்கள் போய்ப் பார்த்தார்கள். அதில் அந்தப் பையன்களுக்குக் கல்யாணமாகிவிட்டது. பெண்டாட்டிகளுக்குக் கிரிக்கெட் என்றாலே ஆகாது. ரகுவின் கல்யாணத்துக்குத் தேனிப் பக்கம் போகிற இடத்தில் மறுபடி ஆட்டத்தில் மாட்டிக்கொள்கிறார்கள். பெண்டாட்டிகளைச் சிடுசிடு என்று காட்டியதில் எனக்குக் கொஞ்சம் கோபம்தான். மாசக் கடைசியில் மளிகைக் கணக்கு போடுகிறவளுக்குத்தானே தெரியும், ஞாயிற்றுக்கிழமையும் வீட்டுக்காரர் வெளியே போனால் எப்படி இருக்கும் என்று!

ஆனாலும் தடுக்காதீர்கள் என்றே சொல்வேன். என் வீட்டுக்காரர் நாற்பத்தெட்டு வயசிலும் மாசத்தில் இரண்டு ஞாயிறு ஆடப் போகிறார். வாரம் முழுக்க மெஷின் சத்தத்தில் நின்றுவிட்டு வருகிறவர், ஆடிவிட்டு வரும்போது முகமே வேறாக இருக்கும். ஒரே ஏற்பாடு, போகும் முன் காய்கறி நறுக்கிக் கொடுத்துவிட்டுப் போக வேண்டும். சில எச்சரிக்கைகளும் உண்டு.

நாற்பதைத் தாண்டியவர்கள் எடுத்த எடுப்பில் ஓடக் கூடாது. பத்து நிமிஷம் வேகமாக நடந்து, கை கால்களை நீட்டி மடக்கி உடம்பைச் சூடாக்கிக்கொள்ள வேண்டும். கணுக்கால் பிசகினால் உடனே தைலம் போட்டுத் தேய்ப்பது, வெந்நீர் ஒற்றடம் இரண்டும் கூடாது. வீக்கம் அதிகமாகும். துணியில் சுற்றிய ஐஸ் கட்டியைப் பதினைந்து நிமிஷம் வைத்து, காலைத் தலையணை மேல் உயர்த்தி வையுங்கள். ஊன்றவே முடியவில்லை என்றால் டாக்டரிடம் போய்விட வேண்டும். ஆடும்போது நெஞ்சில் அழுத்தமோ, தாடை, இடது கை வலியோ, மூச்சுத் திணறலோ வந்தால் 'வாயு' என்று சோடா குடித்துக்கொண்டிருக்காமல் அப்போதே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும்.

பிள்ளைகள் விஷயத்தில் உலக சுகாதார நிறுவனம் சொல்வது, ஐந்து வயசு முதல் பதினேழு வயசு வரை தினம் ஒரு மணி நேரமாவது ஓடியாட வேண்டும் என்பது. வெளிச்சத்தில் விளையாடுகிற பிள்ளைகளுக்குக் கிட்டப்பார்வை வருவதும் குறைகிறது. போனைப் பிடுங்கினால் சண்டைதான் வரும். கையில் பந்தைக் கொடுத்துப் பாருங்கள். கோடையில் பதினொரு மணியிலிருந்து நாலு மணி வரை வேண்டாம். உப்பும் எலுமிச்சையும் போட்ட தண்ணீரோ, நீர்மோரோ ஒரு பாட்டிலில் கொடுத்தனுப்புங்கள். சின்னவர்களுக்கு ரப்பர் பந்தோ டென்னிஸ் பந்தோ போதும். கார்க் பந்து என்றால் தலைக்கவசமும் காலுக்குப் பேடும் இல்லாமல் கூடவே கூடாது.

இடம் எங்கே?

நான் கொரட்டூருக்கு வந்த புதிதில் எங்கள் தெருமுனையில் மூன்று காலி மனைகள் இருந்தன. இப்போது ஒன்று பாக்கி. மற்ற இரண்டிலும் அடுக்கு மாடி வந்துவிட்டது, தெருவில் காரை நிறுத்திவிடுகிறார்கள். படம் பார்த்துச் சிரிக்கும் பெரியவர்கள்தான், "கண்ணாடி உடையும், போங்கடா" என்று விரட்டவும் செய்கிறார்கள். எங்கள் தெருப் பெண்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்தோம். சாயங்காலம் ஐந்து முதல் ஆறரை வரை வண்டிகளை ஒரு ஓரமாக நிறுத்தச் சொல்லி வீடு வீடாய்ப் போய்க் கேட்டோம். இரண்டு வீட்டில் முகம் சுளித்தார்கள், மற்றவர்கள் ஒப்புக்கொண்டார்கள். பையன்களுக்கும் சட்டம் உண்டு. காம்பவுண்டுக்குள் பந்து போனால் அடித்தவன் அவுட், வீட்டில் கேட்டுவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும், பரீட்சை சமயத்தில் சத்தம் கூடாது. எட்டு மாசமாக நடக்கிறது. ஒரே ஒரு பூந்தொட்டிதான் உடைந்திருக்கிறது.

இந்தப் படத்தை ஜனங்கள் மறுபடி மறுபடி பார்ப்பது தமாஷுக்காக மட்டும் அல்ல. வேலைக்கும் வெளிநாட்டுக்கும் பிரிந்து போனவர்கள் ஒரு காலத்தில் தங்களுக்கும் ஒரு டீம் இருந்ததை அதில் பார்க்கிறார்கள். நம் பிள்ளைகளும் நாளைக்கு அப்படி நினைத்துப் பார்க்க ஏதாவது வேண்டாமா? அதற்கு இன்றைக்குத் தெருவில் ஒன்றரை மணி நேரம் இடம் விட்டால் போதும். என்ன சகோதரிகளே, உங்கள் தெருவிலும் கேட்டுப் பார்க்கிறீர்களா?