லட்சுமி வந்தாள்!

குட்டிகளே, உங்கள் வீட்டுச் செல்லப் பிராணிக்குப் பிறந்தநாள் என்று வைத்துக்கொள்வோம். "உனக்கு என்ன வேண்டும்?" என்று கேட்டால் அது என்ன சொல்லும்? படக்கதைப் புத்தகமாக இருந்தால், "எனக்கு மீன் வேண்டாம், ஒரு நாள் பள்ளிக்கூடம் போகணும்!" என்று பூனை அடம்பிடிக்கும். நாமும் சிரிப்போம். ஆனால் நிஜப் பூனைக்குப் பேச வராதே! அதன் ஆசையை எப்படித் தெரிந்துகொள்வது?

திருவண்ணாமலையில் வாழ்ந்த ஒரு பசு இதற்குப் பதில் சொல்கிறது.

1926-ல் குடியாத்தம் அருகேயுள்ள குமாரமங்கலத்திலிருந்து ஓர் அன்பர், ரமண மகரிஷிக்கு ஒரு பசுவையும் கன்றையும் கொண்டுவந்து கொடுத்தார். கன்றின் பெயர் லட்சுமி. மலையடிவாரத்தில் சிறுத்தைப் பயம் இருந்ததால், கன்றை ஊருக்குள் ஒருவர் வீட்டில் வளர்த்தார்கள். லட்சுமி என்ன செய்தாள் தெரியுமா? தினமும் காலையில் தானாகவே ஆசிரமத்துக்கு நடந்து வருவாள். பொழுது சாய்ந்ததும் வீடு திரும்புவாள். பின்னாளில் ஆசிரமத்திலேயே தங்கிவிட்டாள். ரமணரின் பிறந்தநாள் விழாவன்று அவள் மூன்று முறையாவது கன்று ஈன்றாள் என்று அங்கிருந்தவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

புதிய கோசாலைக்குக் கிரகப்பிரவேசம். நேரம் நெருங்கியதும் லட்சுமி நேராக ரமணர் இருந்த கூடத்துக்குப் போய் நின்றாள். தன் வீட்டுக்கு அழைக்க வந்திருக்கிறாள் என்று புரிந்துகொண்டு, அவர் எழுந்து அவளுடன் நடந்தார்!

'லட்சுமி வந்தது' என்றல்லவா எழுத வேண்டும் என்று யோசிக்கிறீர்களா? சரிதான். தமிழ் இலக்கணப்படி விலங்குகள் அஃறிணை. ஆனால் ரமணர் எந்த விலங்கையும் 'அது' என்று சொன்னதில்லை. 'அவன்', 'அவள்' என்றுதான் சொல்வார். ஆசிரமத்து நாய்களைக்கூட, "பையன்களுக்குச் சாப்பாடு போட்டாச்சா?" என்றுதான் விசாரிப்பார்.

1948 ஜூன் 18 அன்று லட்சுமி இறந்தாள். அதற்கு முன் அவள் அருகில் உட்கார்ந்து, அவள் தலையைத் தன் மடியில் வைத்துக்கொண்டார் ரமணர். ஆசிரமத்தில் அவளுக்கு ஒரு சமாதி இருக்கிறது. பக்கத்திலேயே ஒரு மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும்கூடச் சமாதிகள் உண்டு. கிரிவலம் போகும்போது, செங்கம் சாலையில் உள்ள அந்த ஆசிரமத்தில் பார்க்கலாம்.

இப்போது உங்கள் வீட்டு நாய்க்குட்டிக்கு வருவோம். பிறந்தநாள் என்று சாக்லேட் கேக் ஊட்டிவிடாதீர்கள். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்ற பொருள் நாயின் உடலிலிருந்து சீக்கிரம் வெளியேறாது, உயிருக்கே ஆபத்தாகலாம். திராட்சையும் கூடாது. கேக் நம் ஆசை. அவனுடைய ஆசை அல்ல.

அவனுடைய ஆசை எது? ஒரு நாள் முழுக்கக் கவனித்துப் பாருங்கள். வாசலில் யாருக்காகக் காத்திருக்கிறான்? எதைக் கண்டால் வாலாட்டுகிறான்? அநேகமாக, பள்ளிவிட்டு வரும் உங்களுக்காகத்தான் இருக்கும்! புத்தகப் பையை வைத்துவிட்டு, அவனுடன் அரைமணி நேரம் விளையாடுங்கள்.

என்ன குட்டிகளே, இன்றைக்கே பிறந்தநாள் கொண்டாடிவிடலாமா?