முகமூடியைக் கழற்றவைத்த ஒரு பாட்டு... ‘பங்க்’ இசையைப் பார்த்து ஏன் இன்னும் பதறுகிறார்கள்?

2025 பிப்ரவரி 20. இந்தோனேசியாவின் மத்திய ஜாவாவைச் சேர்ந்த சுகாதானி என்ற இரண்டு பேர் இசைக்குழு இன்ஸ்டாகிராமில் ஒரு வீடியோ போட்டது. மேடையில் எப்போதும் முகமூடியோடு தோன்றுகிறவர்கள், அன்று முகத்தைக் காட்டி, பெயரைச் சொல்லி, நாட்டின் காவல்துறைத் தலைவரிடம் மன்னிப்பு கேட்டார்கள். ‘பயார் பயார் பயார்’ என்ற தங்கள் பாட்டை எல்லா தளங்களிலிருந்தும் நீக்குவதாகவும் அறிவித்தார்கள்.

அப்படி என்ன பாட்டு அது? ‘பணம் கட்டு, பணம் கட்டு, பணம் கட்டு’ என்று அர்த்தம். லைசென்ஸ் எடுக்கப் போனாலும் சரி, டிராஃபிக்கில் மாட்டினாலும் சரி, போலீஸுக்குக் காசு கொடுக்க வேண்டியிருக்கே என்கிற புலம்பல். டீக்கடையில் தினமும் காதில் விழுகிற விஷயம்தான். அதை கிட்டாரோடு சேர்த்துக் கத்தியதற்குத்தான் இவ்வளவும்.

பாடகி ஒரு ஆரம்பப் பள்ளி டீச்சர். அதே மாதம் அவருக்கு வேலையும் போனது. நடத்தை விதியை மீறியதுதான் காரணம், பாட்டு இல்லை என்றது பள்ளி நிர்வாகம். நம்புவதும் நம்பாததும் உங்கள் விருப்பம்.

இவர்கள் பாடுவது ‘பங்க்’ வகை இசை. ஐம்பது வருஷப் பழசு. பிறந்த ஊரில் மியூசியத்துக்கே போய்விட்ட இந்த இசைக்கு, இன்னொரு ஊரில் மட்டும் போலீஸ் ஏன் இப்படிப் பதற வேண்டும்?

பங்க் என்றால் என்ன?

நம்மூரில் பங்க் என்றதும் பெட்ரோல் போடும் இடம்தான் நினைவுக்கு வரும். அப்பாக்களுக்கு 80-களின் ‘பங்க்’ ஹேர்ஸ்டைல் ஞாபகம் வரலாம். ஆங்கிலத்தில் அது ஒரு வசவுச்சொல்: உருப்படாதவன், சில்லறை ரவுடி என்கிற மாதிரி. திட்டிய சொல்லையே பெயராக வைத்துக்கொண்ட இசை இது.

1970-களின் நடுவில் ராக் இசை பெரிய இடத்துச் சமாச்சாரம் ஆகிவிட்டிருந்தது. ஒரே பாட்டு 10 நிமிஷம், 20 நிமிஷம் ஓடும். வாசிக்க வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும், பதிவு செய்யப் பணம் வேண்டும். நியூயார்க்கின் ராமோன்ஸ் குழு அதைத் தூக்கிப் போட்டது. 1976-ல் வந்த அவர்களின் முதல் ஆல்பத்தில் 14 பாட்டு. மொத்தமும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஆன செலவு சுமார் 6,400 டாலர்.

அது பிரிட்டனுக்கு வந்தபோதுதான் பற்றிக்கொண்டது. வேலையில்லாதவர்கள் 10 லட்சத்தைத் தாண்டி, அரசே சர்வதேச நாணய நிதியத்திடம் கடன் கேட்டு நின்ற வருஷம் அது. அடுத்த வருஷம், ராணி எலிசபெத் பதவியேற்ற 25-வது ஆண்டு கொண்டாட்டம். அந்த நேரம் பார்த்து செக்ஸ் பிஸ்டல்ஸ் குழு, நாட்டின் தேசிய கீதத் தலைப்பையே எடுத்து ராணியைக் கிண்டலடித்து ஒரு பாட்டை இறக்கியது. பிபிசி ஒலிபரப்ப மறுத்தது. அப்படியும் அதிகாரப்பூர்வ விற்பனைப் பட்டியலில் 2-வது இடம். முதலிடம் கிடைக்காமல் பார்த்துக்கொண்டார்கள் என்ற சந்தேகம் இன்றுவரை ஓயவில்லை. ஜூன் 7-ம் தேதி தேம்ஸ் நதியில் படகிலேயே கச்சேரி வைத்தார்கள். போலீஸ் வந்து நிறுத்தியது. மேனேஜர் மால்கம் மெக்லாரன் உட்பட சிலர் கைது.

சரி, இதெல்லாம் பரபரப்பு. உண்மையில் பங்க் விட்டுச்சென்ற சொத்து வேற.

‘நீயே செய்’

1976 ஜூன் 4, மான்செஸ்டரில் ஒரு சின்ன அரங்கில் செக்ஸ் பிஸ்டல்ஸ் வாசித்தது. வந்தவர்கள் 40 பேர் இருக்கலாம். அதில் ஒருவரான பீட்டர் ஹூக், ‘இவங்களால முடியும்னா நம்மாலயும் முடியும்’ என்று மறுநாளே பேஸ் கிட்டார் வாங்கினார். பிறகு நண்பர்களோடு அவர் தொடங்கியதுதான் ஜாய் டிவிஷன் குழு. அந்தக் கச்சேரியை ஏற்பாடு செய்த பசங்க, பஸ்காக்ஸ் என்ற குழு தொடங்கி, 500 பவுண்ட் கடன் வாங்கி, 1977 ஜனவரியில் தங்கள் இசைத்தட்டைத் தாங்களே வெளியிட்டார்கள். எந்த கம்பெனி வாசலிலும் காத்திருக்கவில்லை. வங்கியில் கிளார்க்காக இருந்த மார்க் பெர்ரி, டைப் அடித்து ஜெராக்ஸ் எடுத்து ‘ஸ்னிஃபின் க்ளூ’ என்று ஒரு பத்திரிகையே நடத்தினார்.

கிழிந்த சட்டை, சேஃப்டி பின், விறைத்த முடியை விட இதுதான் முக்கியம். யாரிடமும் அனுமதி கேட்காமல் செய்வது. தந்தை சோமாலியர், தாய் பிரிட்டிஷ்காரர் என்ற பின்னணியில், பல்லில் கிளிப்போடு மேடையேறிய பாலி ஸ்டைரீனுக்கு வேறு எந்த ராக் மேடை இடம் கொடுத்திருக்கும்?

எல்லாம் புனிதம் என்று சொல்லவும் முடியாது. அதிர்ச்சி கொடுக்கணும் என்பதற்காகவே நாஜி சின்னத்தை மாட்டிக்கொண்டு திரிந்தவர்கள் இருந்தார்கள். அது அசட்டுத்தனம் மட்டுமல்ல, ஆபத்தும்கூட. நிறவெறிக் கட்சியான நேஷனல் ஃப்ரன்ட் தெருவில் வளர்ந்துகொண்டிருந்த நேரம் அது. எந்தப் பக்கம் என்று பலர் காட்டியது 1978 ஏப்ரல் 30 அன்று. நிறவெறிக்கு எதிராக டிரஃபால்கர் சதுக்கத்திலிருந்து கிழக்கு லண்டனின் விக்டோரியா பார்க் வரை பேரணி. முடிவில் தி கிளாஷ், பாலி ஸ்டைரீனின் எக்ஸ்-ரே ஸ்பெக்ஸ், பர்மிங்ஹாமின் கறுப்பின ரெகே குழுவான ஸ்டீல் பல்ஸ் ஒரே மேடையில். பல்லாயிரம் பேர் திரண்டார்கள்.

கிரெடிட் கார்டில் கலகம்

அப்புறம் நடந்தது எல்லோருக்கும் தெரிந்த கதைதான். 2013-ல் நியூயார்க்கின் மெட் மியூசியம் பங்க் உடைகளுக்குக் கண்காட்சி வைத்தது. 2015-ல் செக்ஸ் பிஸ்டல்ஸ் படத்தோடு கிரெடிட் கார்டே வந்தது! 2016-ல் பிரிட்டிஷ் நூலகம் உட்படப் பல அமைப்புகள் சேர்ந்து 40-வது ஆண்டு விழா எடுத்தன. கடுப்பான மெக்லாரனின் மகன் ஜோ கோரே, தன்னிடமிருந்த பங்க் பொருட்களை அதே தேம்ஸ் நதியில் படகில் வைத்துக் கொளுத்தினார். மதிப்பு 50 லட்சம் பவுண்ட் என்றார். அந்தக் காசை யாருக்காவது கொடுத்திருக்கலாமே என்று கேட்டவர்களும் உண்டு, எனக்கும் அப்படித்தான் தோன்றியது.

ஆனால் லண்டனில் ஃபேஷனானது எல்லா இடத்திலும் ஃபேஷனாகவில்லை. 2012-ல் மாஸ்கோ தேவாலயத்தில் ஒரு நிமிஷம்கூட முழுதாகப் பாடாத புஸ்ஸி ரயட் குழுவின் மூன்று பெண்களுக்கு இரண்டு ஆண்டு சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. சுனாமி செய்திகளில் நாம் கேட்ட ஆச்சே மாகாணத்தில், 2011 டிசம்பரில் ஆதரவற்ற குழந்தைகளுக்கு நிதி திரட்ட நடந்த பங்க் கச்சேரியில் புகுந்த போலீஸ், 60-க்கும் மேற்பட்டவர்களைப் பிடித்து, மொட்டையடித்து, ‘திருத்த’ முகாமுக்கு அனுப்பியது.

இந்தோனேசியாவில் பங்க் இறக்குமதிச் சரக்காகவே நின்றுவிடவில்லை. 1998-ல் சுஹார்த்தோவை இறக்கிய போராட்டங்களில் பங்க் இளைஞர்களும் தெருவில் நின்றார்கள். ஜகார்த்தாவின் மார்ஜினல் குழு தெருவோரச் சிறுவர்களுக்கு உகுலேலே வாசிக்கக் கற்றுக்கொடுக்கிறது. சுகாதானி, கச்சேரிக்கு வருபவர்களுக்குக் காய்கறி விநியோகிக்கும்.

அந்த மன்னிப்பு வீடியோவுக்குப் பிறகு, நீக்கப்பட்ட பாட்டை யாரும் மறக்கவில்லை. ‘இருண்ட இந்தோனேசியா’ என்ற பெயரில் அப்போது நடந்துகொண்டிருந்த மாணவர் போராட்டங்களில் கூட்டமே சேர்ந்து பாடியது. குழுவை மிரட்டினார்களா என்று சில போலீஸாரிடம் துறைரீதியான விசாரணை நடந்தது. காவல்துறைத் தலைவர் ஒரு படி மேலே போய், காவல்துறையின் தூதர்களாக வரும்படி சுகாதானிக்கு அழைப்பு விடுத்தார்.

2025 மார்ச் 1 அன்று குழு பதில் சொன்னது. பல மாதங்களாகவே போலீஸ் தரப்பிலிருந்து நெருக்கடி இருந்ததாகக் கூறிய அவர்கள், அந்தத் தூதர் பதவி தங்களுக்கு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.