எலுமிச்சம்பழமும் ரேடியேட்டர் நீரும்

புதிதாகக் கார் வாங்கிய குடும்பத்தார் அதைக் கோவில் வாசலில் கொண்டுவந்து நிறுத்தி, "ஃபாதர், கொஞ்சம் மந்திரிச்சுக் கொடுங்க" என்று கேட்பது நமது பங்குகளில் வழக்கமான நிகழ்ச்சியாகிவிட்டது. திருத்தணியில் வாழும் நமக்கோ இக்காட்சி இரு மடங்கு பழக்கமானது. முருகன் குன்றுக்கு வரும் புது வண்டிகள் மாலை சூடி, சந்தனம் பூசி, சக்கரங்களின் அடியில் எலுமிச்சம்பழம் நசுங்க நகர்வதை நாள்தோறும் காண்கிறோம். பயணத்தை இறைவன் கையில் ஒப்படைக்க விரும்பும் உள்ளம் எங்கிருந்தாலும் மதிக்கத்தக்கதே. எனினும் தீர்த்தம் தெளிக்கும்போது நாம் ஒரு கேள்வியைத் தவறாமல் கேட்டு வருகிறோம்: "பானெட்டைத் திறக்கத் தெரியுமா?" பெரும்பாலோர் சிரித்து மழுப்புகின்றனர். ஒருவர் உற்சாகமாக ஒரு நெம்புகோலை இழுத்தார். பெட்ரோல் டாங்கின் மூடி திறந்துகொண்டது!

கார் என்பது செல்வந்தரின் ஆடம்பரம் என்றிருந்த காலம் மலையேறிவிட்டது. 1983 டிசம்பர் 14 அன்று முதலாவது மாருதி 800 வண்டியின் சாவி ஒப்படைக்கப்பட்ட நாளிலிருந்து நடுத்தரக் குடும்பங்களின் வாசலுக்கும் கார் வரத் தொடங்கிற்று. இன்று நமது பங்கில் ஆசிரியர், ரெயில்வே ஊழியர், சிறு கடைக்காரர் எனப் பலரும் தவணை கட்டிப் பழைய வண்டியேனும் வைத்திருக்கின்றனர். தவணைக்கும் பெட்ரோலுக்கும் மாதக் கணக்கில் இடம் ஒதுக்கும் இக்குடும்பங்கள் பராமரிப்புக்கென ஒரு காசும் ஒதுக்குவதில்லை. துன்பம் தொடங்குவது இங்கேதான்.

சென்ற ஆண்டுகளில் நாம் கண்ட ஒரு நிகழ்ச்சியைக் கூறுவோம். திருப்பதிக்கும் சென்னைக்கும் பயணிகளை ஏற்றிச் சென்று பிழைக்கும் ஓர் இளைஞர், நமது பங்கைச் சேர்ந்தவர். கடன் வாங்கிப் பழைய கார் ஒன்றை எடுத்திருந்தார். ரேடியேட்டரில் நீர் அடிக்கடி குறைகிறது என்று அவருக்குத் தெரியும். குறையும் போதெல்லாம் ஆழ்குழாய்க் கிணற்று நீரைப் பாட்டிலில் பிடித்து ஊற்றிவந்தார். மே மாத வெயிலில் ஒருநாள் புத்தூர்ப் பக்கமிருந்து திரும்பும்போது வெப்பமானி முள் சிவப்புக் கோட்டைத் தொட்டது. வண்டியில் சவாரி இருந்தது. ஊரும் அருகில்தானே என்று எண்ணி நிறுத்தாமல் ஓட்டிவிட்டார். பட்டறையில் திறந்து பார்த்தபோது எஞ்சின் ஆயில் பால் கலந்த காப்பியின் நிறத்தில் இருந்தது. எஞ்சினின் அலுமினியத் தலைப்பகுதி வெப்பத்தால் வளைந்து, இடையிலுள்ள காஸ்கெட் கருகி, நீரும் ஆயிலும் ஒன்றாகிவிட்டன. செலவு ஏறக்குறைய 28,000 ரூபாய். வண்டி ஓடாமல் நின்ற மூன்று வாரங்களின் வருமான இழப்பு தனி. நீர் கசிந்ததற்குக் காரணம் வெடிப்பு விட்ட ஒரு ரப்பர்க் குழாய். அதன் விலை 400 ரூபாய். அவ்வாண்டு பிள்ளைகளின் பள்ளிக் கட்டணத்திற்காக அவருடைய மனைவியின் வளையல்கள் அடகுக் கடைக்குச் சென்றதை நாம் அறிவோம்.

இதன் உள்விவரத்தை நம் வாசகர்கள் அறிந்துகொள்வது நல்லது. நீர் 100 டிகிரியில் கொதிக்கும். ரேடியேட்டரின் மூடி உள்ளே அழுத்தத்தைத் தாங்கி வைத்திருப்பதால் அந்தக் கொதிநிலை ஏறக்குறைய 120 டிகிரி வரை உயர்கிறது. மூடியின் ரப்பர் தளர்ந்தால் அழுத்தம் போயிற்று. நீரும் விரைவில் கொதிக்கும். சூடான எஞ்சினின் மூடியைத் திறப்பவர் முகத்தில் நீராவி பீறிட்டடிப்பதும் இவ்வழுத்தத்தினாலேயே. ஆகவே வண்டியை நிறுத்தி அரை மணி நேரமாவது ஆறவிடாமல் மூடியில் கை வைக்கலாகாது. நமது பகுதியின் ஆழ்குழாய் நீர் உப்பு மிகுந்தது. இட்லிப் பானையின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அதே படிவு ரேடியேட்டரின் மெல்லிய குழாய்களிலும் படிந்து அடைத்துக்கொள்ளும். கூலண்ட் என்னும் திரவம் கொதிநிலையை உயர்த்துவதோடு துருவையும் தடுக்கிறது. லிட்டர் சில நூறு ரூபாய்தான். அவசரத்திற்கு நீர் ஊற்ற நேர்ந்தால் காய்ச்சி வடித்த நீரே ஏற்றது.

இன்னொரு தவறான வழக்கமும் உண்டு. வண்டி சூடேறுகிறது என்று கூறினால் சில பட்டறைகளில் தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிந்துவிடுவர். நமது பங்கின் வண்டிக்கே ஒரு பட்டறையில் இவ்வாறு செய்தனர். நாமும் அறியாமையால் நன்றி கூறி வந்தோம். எஞ்சின் உரிய வெப்பத்தை அடையும்வரை நீரோட்டத்தைத் தடுத்து வைப்பதே அச்சிறு கருவியின் வேலை. அதை எடுத்துவிட்டால் எஞ்சின் எந்நேரமும் குளிர்ந்தே ஓடி, பெட்ரோலை மிகுதியாகக் குடிக்கும். மூன்று மாதம் கழித்தே நமக்கு உண்மை விளங்கிற்று.

இனி மலைக்கு வருவோம். அடிவாரத்திலிருந்து 365 படிகள் ஏறிச் செல்வோர் ஒருபுறமிருக்க, வண்டிகள் செல்லத் தனிப் பாதை உண்டு. நெடுந்தூரமன்று; ஆயினும் ஆடிக் கிருத்திகை, டிசம்பர் 31 படித் திருவிழா போன்ற நாட்களில் வெளியூர் வண்டிகள் ஒன்றையொன்று உரசும்படி ஏறி இறங்குகின்றன. இறங்கும் வண்டிகளிலிருந்து கருகிய நாற்றம் வீசுவதை அப்பக்கம் நடந்து சென்றோர் உணர்ந்திருப்பர். அது பிரேக் கட்டைகளின் நாற்றம். சமவெளியில் மட்டுமே ஓட்டிப் பழகியவர்கள் நான்காவது கியரிலோ, அதைவிடக் கொடுமையாக நியூட்ரலிலோ போட்டு, பிரேக்கை மிதித்தபடியே இறங்குகின்றனர். பிரேக் சூடேறச் சூடேற அதன் பிடிப்புக் குறைகிறது. வண்டியின் பிரேக் ஆயிலோ காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 என்னும் வகை ஆயில் புதிதாக இருக்கையில் குறைந்தது 205 டிகிரி வரை கொதிக்காது. ஈரம் ஏறிய பின்னரோ 140 டிகிரியே அதற்கு வரம்பு. கொதித்தால் குழாயினுள் ஆவிக் குமிழ்கள் உண்டாகும். அப்போது மிதிக்கும் பெடல் பஞ்சுபோல் அமிழ்ந்துவிடும்; வண்டி நிற்காது. பெரும்பாலான வண்டிகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை அந்த ஆயிலை மாற்றச் சொல்வதன் காரணம் இதுவே. அதற்கு ஆகும் செலவு ஆயிரம் ரூபாயைச் சுற்றித்தான்.

ஏறுவதற்கு எந்தக் கியர் தேவையோ, இறங்குவதற்கும் அதே கியர் என்பது பழைய லாரி ஓட்டுநர்களின் கணக்கு. நமக்கும் அதுவே போதும். "நியூட்ரல்ல விட்டா பெட்ரோல் மிச்சம் ஃபாதர்" என்று நம்மிடம் வாதிட்டவர்கள் உண்டு. கார்புரேட்டர் காலத்து எண்ணம் அது. இன்றைய வண்டிகளில் கியரில் இருக்கும்போதே ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டால் எஞ்சினுக்குப் பெட்ரோல் செல்வது பெரும்பாலும் அறவே நின்றுவிடுகிறது. நியூட்ரலில்தான் எஞ்சின் உயிரோடிருக்கச் சிறிதளவு பெட்ரோலைக் குடித்துக்கொண்டிருக்கும். சாவியையே அணைத்துவிட்டு இறங்கும் வீரர்களைப் பற்றி என்ன சொல்வது! எஞ்சின் நின்றால் பிரேக்குக்குத் துணைபுரியும் வெற்றிட விசையும் சிறிது நேரத்தில் தீர்ந்துவிடும், ஸ்டியரிங்கும் பூட்டிக்கொள்ளக்கூடும். நாற்பது ரூபாய்ப் பெட்ரோலுக்காக ஒரு குடும்பத்தையே பணயம் வைப்பது கணக்காகுமா?

நாம் குருமடத்தில் பயின்ற நாட்களில் அங்கே ஓர் அம்பாசிடர் இருந்தது. கோடையில் அது வழியில் நின்றுவிட்டால் ஓட்டுநர் பதறமாட்டார். ஈரத் துணியைப் பெட்ரோல் பம்பின்மேல் சுற்றிவிட்டு மரநிழலில் பீடி பற்ற வைப்பார். குழாயில் ஆவியாகிப்போன பெட்ரோல் குளிர்ந்து திரும்பவும் திரவமானதும் வண்டி கிளம்பும். பிளக்கை உப்புத்தாளால் தேய்ப்பார், பாயிண்டைச் சரிசெய்வார், திருப்புளி ஒன்றும் ஸ்பேனர் இரண்டும் இருந்தால் ராமேசுவரம் வரை போய்வரலாம் என்பார். உத்தரபாராவில் அவ்வண்டியின் தயாரிப்பு 2014இல் நின்றுபோயிற்று. அதே நிறுவனம் நமது மாவட்டத் தலைநகரான திருவள்ளூரின் அருகே 1998இல் தொழிற்சாலை அமைத்து லான்சர் வண்டிகளைத் தயாரித்ததும், இப்போது அங்கே சிட்ரோயன் வண்டிகள் உருவாவதும் நம்மில் பலருக்குத் தெரிந்த செய்தியே.

இக்காலத்து வண்டியில் திருப்புளிக்கு வேலை குறைவு. எங்கும் சென்சார்; எல்லாவற்றையும் ஆளும் ஒரு கணிப்பொறிப் பெட்டி. எஞ்சின் படம் போட்ட மஞ்சள் விளக்கு எரிந்தால் ஸ்கேனர் கருவியைப் பொருத்திப் பிழை எண்ணைப் படிக்கவேண்டும். அதற்குச் சில நூறு ரூபாய் கேட்பர். அதைச் செய்யாமல், "சென்சார் போச்சு" என்று ஊகத்திலேயே ஒன்றன்பின் ஒன்றாக மாற்றும் பட்டறைக்காரரிடம் சிக்கினால் ஆயிரங்கள் கரையும். பிழை எண்ணை ஒரு தாளில் எழுதித் தரும்படி கேளுங்கள்.

டீசல் வண்டி வைத்திருப்போருக்குத் தனியாக ஒன்று. 2020 ஏப்ரலுக்குப் பின் விற்பனையான பி.எஸ். 6 டீசல் வண்டிகளில் புகைக்கரியைப் பிடிக்கும் வடிகட்டி உண்டு. நெடுஞ்சாலையில் சற்று வேகமாகத் தொடர்ந்து ஓடினால்தான் அதில் சேர்ந்த கரி தானே எரிந்து நீங்கும். வீட்டிலிருந்து கடைத்தெரு, கடைத்தெருவிலிருந்து கோவில் என்று மட்டுமே ஓட்டினால் அடைத்துக்கொள்ளும். மாற்றுவதற்கு ஆகும் செலவோ மலைக்க வைக்கும். உள்ளூருக்குள் மட்டும் ஓட்டுவோர் டீசல் வண்டியை விரும்புவது நமக்கு விளங்கவில்லை.

பேட்டரி மூன்று முதல் ஐந்து ஆண்டுகள் உழைக்கும். நமது வெயிலில் அதற்கும் குறைவாகலாம். முனைகளில் பூக்கும் பச்சை வெள்ளைப் பொடியை வெந்நீரால் கழுவித் துடைத்து வாசலின் தடவினாலே பாதித் தொல்லை தீரும். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும்: 2319 என்றிருந்தால் 2019ஆம் ஆண்டின் 23ஆம் வாரம் தயாரானது என்று பொருள். பழைய வண்டி வாங்குவோர் இதைப் பார்த்தாலே விற்பவரின் வாய்ச்சொல்லில் எவ்வளவு உண்மை என்பது தெரிந்துவிடும். டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் சட்டப்படியும் அது ஓடத் தகுதியற்றது.

எலிகளை மறந்துவிட்டோமே! அறுவடைக் காலத்தில் வயல் எலிகள் எஞ்சினின் இளஞ்சூட்டை நாடி வந்து வயர்களைக் கடித்துப் போடுகின்றன. ஒரு கிறிஸ்துமஸ் இரவில் கிளைக் கிராமத் திருப்பலிக்குப் புறப்பட்ட நாம், கார் உயிர்பெறாமல் ஒருவருடைய டி.வி.எஸ். 50 வண்டியின் பின்னிருக்கையில் அமர்ந்து போய்ச் சேர்ந்தோம். புகையிலைக் காம்பு, நாப்தலீன் உருண்டை என்று எல்லாம் வைத்துப் பார்த்தாயிற்று. வண்டியை நாள்தோறும் சிறிது தூரமாவது ஓட்டுவதும், அருகில் தானிய மூட்டைகளைச் சேர்த்து வைக்காமலிருப்பதுமே ஓரளவு பயன் தந்தன.

செலவுக் கணக்கைப் பற்றிச் சிறிது. வேலை தொடங்குமுன் மதிப்பீட்டை எழுதி வாங்குங்கள். மாற்றிய பழைய பாகத்தைத் திருப்பிக் கேளுங்கள். நேர்மையான மெக்கானிக் அதற்கு முகம் சுளிக்கமாட்டார். 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப் பாகங்களுக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம் என ஒரே அளவாகியுள்ளது. அதற்கு முன்னர் சில பாகங்களுக்கு 28 இருந்தது. பழைய வரியையே போட்டு ரசீது கொடுத்தால் கேட்க உங்களுக்கு உரிமையுண்டு. சென்னைப் புதுப்பேட்டையில் கழற்றிய பாகங்கள் மலிவாகக் கிடைக்கும். கதவுக் கண்ணாடியும் விளக்கும் அங்கே வாங்கலாம், பிரேக் சம்பந்தப்பட்ட எதையும் வாங்கவேண்டாம். பட்டறையில் ஏமாற்றப்பட்டதாக உறுதியானால் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, இரண்டு ஆண்டுகளுக்குள், நீங்கள் வாழும் மாவட்டத்தின் நுகர்வோர் குறைதீர் ஆணையத்திலேயே முறையிடலாம். செலுத்திய தொகை ஐந்து லட்ச ரூபாய்க்கு மேற்படாதவரை கட்டணம் கிடையாது. ஆனால் ரசீது இல்லாதவருக்கு எந்த ஆணையமும் துணை நிற்க இயலாது. "பில் வேணாம், வரி மிச்சம்" என்று சொல்லிப் பணம் கொடுத்தவர்கள்தாம் பின்னர் நம்மிடம் வந்து புலம்புகின்றனர்.

மறுபுறமும் ஒன்றுண்டு. வெயிலில் வண்டிக்கடியில் படுத்து நான்கு மணி நேரம் உழைத்தவரிடம் கூலியில் நூறு ரூபாய் குறைக்கப் பேரம் பேசுவோர், அதே மாலையில் உணவகத்தில் ஆயிரம் ரூபாய் கொடுத்துவிட்டு வருவதையும் பார்க்கிறோம். நல்ல மெக்கானிக் கிடைத்தால் உரிய கூலியைக் கொடுத்து அவரை விடாது பற்றிக்கொள்ளுங்கள்.

முன்னர்க் கூறிய அந்த இளைஞர் இப்போதும் வண்டி ஓட்டுகிறார். காலையில் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதே பானெட்டைத் திறந்து கூலண்ட், ஆயில், பிரேக் ஆயில் மூன்றையும் பார்த்துவிட்டுத்தான் முதல் சவாரிக்குப் புறப்படுகிறார். மூன்று நிமிட வேலை. மாதம் 1,000 ரூபாயை அஞ்சலகத்தில் தனியே போட்டு வருகிறாராம். சென்ற வாரம் அவர் நம்மைப் பார்த்து, "ஃபாதர், உங்க ஸ்டெப்னில காத்து இருக்குதா?" என்று கேட்டார். இக்கட்டுரையை முடிக்குமுன் நமது வண்டியின் பின்பக்கத்தைத் திறந்து அழுத்திப் பார்த்தோம். இல்லை.