சாவி திரும்பாத கார்
துளைக்குள் நுழைந்த கார்ச் சாவி திரும்ப மறுத்தால், பெரும்பாலும் பழுது எதுவும் இல்லை. ஸ்டீயரிங் பூட்டு இறுகியிருக்கிறது, அவ்வளவுதான். சாவியை எடுத்தபின் ஸ்டீயரிங்கைச் சற்றுத் திருப்பினால், ஓர் உலோகத் தாழ் ஸ்டீயரிங் தண்டின் பள்ளத்தில் விழும். இது திருட்டைத் தடுக்கும் ஏற்பாடு. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் 1969 மாடல் கார்களில் இதைப் பொருத்தியது. முன்சக்கரம் நடைபாதை விளிம்பில் அழுந்தி நின்றால், அந்த அழுத்தம் தாழை நகர விடாது.

அப்போது சாவியை முறுக்காதீர்கள். சாவி உள்ளே முறிந்தால் பூட்டையே கழற்ற நேரிடலாம். ஸ்டீயரிங்கை இருபுறமும் அசைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் அசையவே அசையாது. மறுபக்கம் இம்மியளவு இடம் கொடுக்கும். அந்தப் பக்கமாகவே பிடித்துக்கொண்டு சாவியை மெதுவாகத் திருப்பினால் பூட்டு திறந்துகொள்ளும்.

அதற்கும் மசியாவிட்டால் மாற்றுச் சாவியைப் போட்டுப் பாருங்கள். தேய்ந்த சாவி, பூட்டிலுள்ள தகடுகளைச் சரியான உயரத்துக்குக் கொண்டுவராது. எண்ணெய் விடுவது நம்மவர் வழக்கம். அதில் தூசி ஒட்டிச் சிக்கல் கூடும். உலர்ந்த கிராஃபைட் பொடியே ஏற்றது. பென்சில் முனையைச் சாவியின் வெட்டுகளில் தேய்த்தாலும் ஓரளவு பயன்படும், அதிலிருப்பதும் கிராஃபைட்தான்.

ஆட்டோமேட்டிக் காரில் சாவி வெளியே வராவிட்டால், கியர் ‘பார்க்’ நிலையில் இருக்கிறதா என்று பாருங்கள். ஓடும் காரில் மட்டும் சாவியை உருவ முயலவே கூடாது. தாழ் விழுந்துவிட்டால் வளைவில் ஸ்டீயரிங் திரும்பாது.