தொட்ட கை

தொழுநோயாளர் ஒருவரை இயேசு கையை நீட்டித் தொட்டுக் குணமாக்கினார் (மாற் 1:40-45). எச்.ஐ.வி. உள்ள சகோதர சகோதரிகளுக்கு மருத்துவமனைகளில் இன்றும் சில வேளைகளில் மறுக்கப்படுவது இந்தத் தொடுதலே.

சில ஆண்டுகளுக்கு முன் அத்தகைய ஒருவருக்கு நோயில்பூசுதல் அளிக்கச் சென்றேன். அவரது கோப்பின்மேல் சிவப்பு மையில் குறி. "ஃபாதர், கையுறை போட்டுக்கொள்ளுங்கள்" என்றார் செவிலியர். போட்டுக்கொண்டேன்.

செவிலியரைக் குறைகூறிப் பயனில்லை. பயிற்சி இல்லாத இடத்தில்தான் அச்சம் குடியேறுகிறது. திரும்பத் திரும்ப வரும் காசநோய், வாயில் வெண்படலம், இளவயதில் அக்கி ஆகியவற்றைக் கண்டால், நோயாளியிடம் எடுத்துச் சொல்லி, அவர் ஒப்புதலோடு பரிசோதனைக்கு அனுப்பக் கற்றுத்தர வேண்டும். ஒப்புதலையும் இரகசியம் காப்பதையும் 2017-ஆம் ஆண்டின் சட்டமும் வலியுறுத்துகிறது. அதைவிட முக்கியம், யாருடைய இரத்தமானாலும் ஒரே கவனத்துடன் கையாளும் பழக்கம். அது வந்துவிட்டால் சிவப்புக் குறிக்கு வேலையே இல்லை! கிருமியுள்ள இரத்தம் பட்ட ஊசி குத்தினாலும் தொற்றும் வாய்ப்பு ஆயிரத்தில் ஏறக்குறைய 3தான். 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் உடனே, தடுப்பு மருந்து தொடங்கினால் அதுவும் வெகுவாகக் குறையும்.

நெற்றியில் எண்ணெய் பூசக் கையுறை தேவையில்லை. அது அன்றே எனக்குத் தெரியும்.