பெயருக்குக் கொடுத்த வாடகை
வியன்னா நகரத்துப் பெரிய ஹோட்டல்களில் நாம் கண்ட வியாபாரம்

சரக்கு வாங்க வெளியூர் போனால் மண்டியிலேயே மூட்டை மேல் துண்டை விரித்துப் படுத்துவிடுவதுதான் நம் பெரியவர்கள் வழக்கம். லாட்ஜில் அறை எடுப்பதையே ஊதாரித்தனம் என்று நினைத்த தலைமுறை அது. அந்த வழியில் வந்த நாங்கள் நால்வர், ஐரோப்பாவின் பழம்பெரும் நகரம் ஒன்றில், ஓர் இரவுக்கு நம் பணத்தில் அரை லட்சத்துக்கு மேல் வாடகை கொடுத்து இரண்டு இரவு தங்கினோம் என்றால் வாசகர்கள் முகம் சுளிப்பது இயல்பே. கொடுத்த பணத்துக்கு என்ன வாங்கி வந்தோம் என்ற கணக்கைச் சங்கத்து நண்பர்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

2023 அக்டோபரில் ஜெர்மனியின் கொலோன் நகரில் நடந்த உணவுப் பொருள் கண்காட்சிக்குப் போயிருந்தோம். அது முடிந்ததும் ரயிலேறி, ஆஸ்திரியா நாட்டின் தலைநகரான வியன்னாவுக்கு ஒரு வெள்ளிக்கிழமை இரவு வந்து சேர்ந்தோம். எங்களில் மூத்தவரான அண்ணாச்சிக்கு மசாலாத் தூள் வியாபாரம். தகப்பனார் பெயரில் வரும் மிளகாய்த்தூள் பொட்டலத்துக்கு உரிமை யாருக்கு என்று அவருக்கும் அவர் தம்பிக்கும் ஐந்து ஆண்டாகக் கோர்ட்டில் வழக்கு. ஊர், பேர் வேண்டாம். அவர் சம்மதத்தோடுதான் இதைக் குறிப்பிடுகிறோம். காரணம் பின்னால் விளங்கும்.

நாங்கள் தங்கிய இடம் ஹோட்டல் ஸாகர். ஆப்பரா என்னும் இசை நாடக அரங்கத்துக்கு நேர் பின்புறம் இருக்கிறது. வாடகையைக் கேட்டதும் அண்ணாச்சி, "கடைப் பையனோட நாலு மாசச் சம்பளம்ப்பா இது, ஒரு ராத்திரி தூங்குறதுக்கா?" என்றார். யாரிடமும் பதில் இல்லை. பதிலை அந்த ஹோட்டலின் கதையே சொன்னது.

மதில் இடிந்தது, மாளிகை எழுந்தது

வியன்னா ஒரு காலத்தில் கோட்டை மதிலுக்குள் அடங்கிய ஊர். 1857இல் பேரரசர் ஃபிரான்ட்ஸ் ஜோசப் மதிலை இடிக்க உத்தரவிட்டார். அந்த இடத்தில் நகரைச் சுற்றி ஓர் அகன்ற வட்டச் சாலை போடப்பட்டது. அரங்கங்கள், அருங்காட்சியகங்கள், பிரபுக்களின் மாளிகைகள் எல்லாம் அதன் ஓரத்தில்தான் எழுந்தன.

1873இல் வியன்னாவில் உலகப் பொருட்காட்சி நடந்தது. வரப்போகும் கூட்டத்தை நம்பி ஊரெங்கும் ஹோட்டல்கள் முளைத்தன. வட்டச் சாலையில் ஒரு பிரபு தமக்காகக் கட்டிய மாளிகை, அந்த ஆண்டு ஹோட்டல் இம்பீரியல் ஆனது. பொருட்காட்சி மே 1ஆம் தேதி திறந்தது. மே 9ஆம் தேதி வியன்னா பங்குச் சந்தை தலைகுப்புற விழுந்தது. கோடையில் காலரா வேறு பரவியது. இரண்டு கோடிப் பேர் வருவார்கள் என்று போட்ட கணக்குக்கு வந்தவர்கள் சுமார் 72 லட்சம் பேர்தான். திருவிழாக் கூட்டத்தை நம்பிக் கடன் வாங்கிச் சரக்குப் போட்டவன் கதி என்ன என்பதை நமக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை. பல ஹோட்டல்கள் மூடின. இம்பீரியல் நின்றது. இன்றும் வெளிநாட்டுத் தலைவர்கள் தங்கும் இடமாக அது இருக்கிறது.

மளிகைக் கடையில் பிறந்த ஹோட்டல்

ஸாகரின் கதை நம் கதைக்கு இன்னும் நெருக்கம். 1832இல் மெட்டர்னிக் என்ற பெரிய அமைச்சரின் வீட்டில் விருந்து. தலைமைச் சமையற்காரருக்கு உடம்பு சரியில்லை. ஃபிரான்ட்ஸ் ஸாகர் என்ற 16 வயதுப் பயிற்சிப் பையன் அன்றைக்கு ஒரு சாக்லேட் கேக் செய்து வைத்தான் என்பது அந்தக் குடும்பம் சொல்லும் வரலாறு. அந்தப் பையன் வளர்ந்து, 1848இல் வியன்னாவில் உயர்ரக உணவுப் பொருளும் ஒயினும் விற்கும் கடை வைத்தார். நம் பாஷையில் சொன்னால் மளிகைக்காரர்.

அவர் மகன் எட்வர்ட், டெமல் என்ற பழைய மிட்டாய்க் கடையில் தொழில் பழகினார். அங்கேதான் அப்பாவின் கேக் இன்றைய பக்குவத்துக்கு வந்தது. 1876இல் எட்வர்ட் இந்த ஹோட்டலைத் திறந்தார். 1892இல் அவர் இறக்க, மனைவி அன்னா கல்லாவில் உட்கார்ந்தார். இவர் கசாப்புக் கடைக்காரர் ஒருவரின் மகள். வாயில் சுருட்டு, காலடியில் நாய்க்குட்டிகள். இப்படித்தான் பழைய படங்களில் இருக்கிறார். விருந்தாளிகளை ஒரு மேஜை விரிப்பில் கையெழுத்துப் போடச் சொல்லி, அந்தக் கையெழுத்துகளை நூலால் தைத்து வைத்தார். நடுவில் பேரரசரின் கையெழுத்து இருக்கிறது. இதைவிடப் பெரிய விளம்பரப் பலகை எந்தக் கடைக்கு உண்டு?

பற்று எழுதியே போன முதல்

அன்னா அம்மாள் ஆளைப் பார்த்துக் கடன் கொடுப்பவர். இளம் பிரபுக்கள் சாப்பிட்டுவிட்டுப் பற்று எழுதச் சொல்லிப் போவார்கள். சொத்துள்ள குடும்பம், எங்கே போய்விடும் என்ற நம்பிக்கை. 1918இல் முதல் உலகப் போர் முடிந்தபோது பேரரசே போய்விட்டது. 1919இல் பிரபுப் பட்டங்கள் சட்டப்படி ஒழிக்கப்பட்டன. அடுத்து வந்த விலையேற்றத்தில் பணம் காகிதமானது. 1925இல் புது நாணயம் வந்தபோது பழைய 10,000 குரோனைக் கொடுத்தால் புது ஷில்லிங் ஒன்றுதான் கிடைத்தது. பேரேட்டில் ஆயிரம் ஆயிரமாக எழுதியிருந்த பாக்கியை முழுசாக வசூலித்தாலும் ஒரு வேளைச் சாப்பாட்டுக்குக்கூட ஆகாத காலம் அது. கெட்டுப்போன பழைய வாடிக்கைக்காரர்களுக்கு அந்த அம்மாள் கடைசிவரை சோறு போட்டார் என்றும் சொல்கிறார்கள்.

அன்னா 1930இல் காலமானார். 1934இல் ஹோட்டல் மஞ்சள் கடுதாசி கொடுத்தது. வேறு குடும்பத்தார் வாங்கினார்கள். கட்டடம் கைமாறியது, பெயர்ப் பலகை மாறவில்லை. ஸாகர் குடும்பத்தைச் சேராதவர்கள்தான் தொண்ணூறு ஆண்டாக அந்தப் பெயரைக் காப்பாற்றி வருகிறார்கள்.

ஒரு கேக், இரண்டு கடை

இனிதான் அண்ணாச்சி நிமிர்ந்து உட்கார்ந்த கட்டம். ஹோட்டல் நொடித்தபோது அன்னாவின் மகன், அவர் பெயரும் எட்வர்ட்தான், டெமல் கடைக்கு வேலைக்குப் போனார். தம் பெயரிலான கேக்கை விற்கும் உரிமையையும் அந்தக் கடைக்குக் கொடுத்தார். 1938இல் ஹோட்டலின் புது முதலாளிகள் 'அசல் ஸாகர் டோர்ட்டே' என்று முத்திரை போட்டு விற்கத் தொடங்கினார்கள். சமையல் குறிப்பும் பெயரும் எங்களுடையது என்று இவர்கள். குடும்பத்து வாரிசே எங்களிடம் கொடுத்தது என்று அவர்கள்.

இடையில் இரண்டாம் உலகப் போர். போருக்குப் பின் நகரத்தை நான்கு நாட்டுப் படைகள் பங்கு போட்டுக்கொண்டபோது ஸாகரில் பிரிட்டிஷ்காரர்களும், இம்பீரியலில் சோவியத்துக்காரர்களும், அடுத்திருந்த பிரிஸ்டலில் அமெரிக்கர்களும் இருந்தார்கள். 1954இல் வழக்கு கோர்ட்டுக்குப் போனது. ஆப்ரிகாட் ஜாம் கேக்கின் நடுவிலும் இருக்க வேண்டுமா, மேலே சாக்லேட்டுக்கு அடியில் மட்டும் போதுமா, வெண்ணெயா மார்கரினா என்று ஆண்டுக்கணக்கில் வாதம் நடந்தது. இரண்டு கடையிலும் வாடிக்கையாளரான ஃபிரீட்ரிக் டோர்பெர்க் என்ற எழுத்தாளரைக் கூண்டில் ஏற்றிச் சாட்சி கேட்டார்கள். அன்னா இருந்த காலத்தில் கேக்கை நடுவில் பிளந்து ஜாம் வைத்ததில்லை என்று அவர் சொன்னார்.

கடைசியில் 1963இல் இரு தரப்பும் கோர்ட்டுக்கு வெளியே உட்கார்ந்து பேசி முடித்தார்கள். 'அசல்' என்ற சொல்லும் வட்ட முத்திரையும் ஹோட்டலுக்கு. முக்கோண முத்திரையும் எட்வர்ட் ஸாகர் பெயரும் டெமலுக்கு. அன்று முதல் இருவரும் விற்கிறார்கள், இருவரும் பிழைக்கிறார்கள்.

சனிக்கிழமை மாலை டெமலுக்கு நடந்தே போனோம். பத்து நிமிட வழி. கடை இருக்கும் தெருவின் பெயர் கோல்மார்க்ட், அதாவது கரிச் சந்தை. ஒரு காலத்தில் அடுப்புக் கரி விற்ற இடத்தில் இன்று நகைக் கடைகளும் இந்த மிட்டாய்க் கடையும். கேக் செய்வதைக் கண்ணாடி வழியாக வாடிக்கையாளர் பார்க்கலாம். எங்களில் ஒருவர் முட்டை சாப்பிடாதவர். அவர் காபியோடு நிறுத்திக்கொண்டார். மற்ற மூவரும் காலையில் ஸாகரில் ஒன்று, மாலையில் இங்கே ஒன்று என்று ருசி பார்த்தோம். வித்தியாசம் ஜாமில் மட்டும்தான் எங்களுக்குத் தெரிந்தது.

அண்ணாச்சி நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "ரெண்டும் நல்லாத்தான் இருக்கு. இதுக்கா இத்தனை வருசம் வக்கீலுக்குக் கொடுத்தாங்க?" என்றார். சொல்லிவிட்டு அவரே தலையைக் குனிந்துகொண்டார்.

வாடகைக்கு என்ன கிடைத்தது

அறையில் கட்டில் பெரிது, குளியலறை பளிங்கு. அதெல்லாம் பணம் போட்டால் எங்கும் கிடைக்கும். எங்கள் மனதில் நின்றவை வேறு. முதல் நாள் நண்பர் முட்டை வேண்டாம் என்றார். மறுநாள் வேறொரு பணியாள் வந்து, கேட்காமலே முட்டையில்லாத பண்டங்களைக் காட்டினார். யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள், இன்னொருவர் படித்திருக்கிறார். இந்த அம்மாவுக்குப் பழைய அரிசிதான், அந்த ஐயாவுக்குச் செக்கு எண்ணெய்தான் என்று நம் பழைய கணக்குப்பிள்ளைகள் மனதில் வைத்திருந்ததும் இதே வித்தைதான். கணக்குப்பிள்ளை நின்றுவிட்டால் அவரோடு அதுவும் போய்விடும். இங்கே அது குறிப்பேட்டில் இருக்கிறது.

ஹோட்டலின் மூலையில், தெருவைப் பார்த்தபடி, அவர்களுடைய கேக் கடை. அறை சுமார் 150தான். ஆனால் கேக் ஆண்டுக்கு மூன்றரை லட்சத்துக்கு மேல் செய்வதாகச் சொல்கிறார்கள். மரப்பெட்டியில் போட்டு உலகம் முழுக்க அனுப்புகிறார்கள். ஹோட்டலில் தங்க வசதியில்லாதவரும் அதன் பெயரை வீட்டுக்கு எடுத்துப் போகலாம். பெரிய இடத்துக்காரர் சில்லறை வியாபாரத்தை இழிவாக நினைக்கவில்லை என்பதைக் கவனிக்க வேண்டும். இம்பீரியலிலும் அவர்களுக்கென்று ஒரு கேக் உண்டு. வட்டத்துக்குப் பதில் சதுரம்.

போக நினைப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. ஞாயிற்றுக்கிழமை வியன்னாவில் கடைகள் அடைப்பு. காபிக் கடைகளும் மிட்டாய்க் கடைகளும் திறந்திருக்கும். காய்கறி, மசாலா விற்கும் நாஷ்மார்க்ட் சந்தையும் அன்று இல்லை, சனிக்கிழமையே பார்த்துவிட வேண்டும். சாம்பல் புதனுக்கு முந்தைய வியாழனன்று ஆப்பரா அரங்கில் பெரிய நடன விழா நடக்கும். அந்த வாரம் வாடகை எகிறும், தவிர்க்கலாம். தங்காமல், கீழே உள்ள காபிக் கூடத்தில் ஒரு காபி குடித்தாலும் மரியாதை குறையாது. வெள்ளித் தட்டில் ஒரு தம்ளர் தண்ணீரும் கூடவே வரும்.

நம் கணக்கு

ஞாயிறு காலை புறப்படுமுன் அண்ணாச்சி மூலைக் கடைக்குப் போய் இரண்டு மரப்பெட்டி வாங்கினார். ஒன்று வீட்டுக்கு. இன்னொன்று யாருக்கு என்று நாங்கள் கேட்கவில்லை. ரயில் நிலையத்தில் அவரே சொன்னார்: "தம்பி பிள்ளைகளுக்கு இனிப்புன்னா உசுரு." ஊர் திரும்பியபின் இரு தரப்பு வக்கீல்களும் ஒரு முறை சேர்ந்து உட்கார்ந்திருப்பதாக அறிகிறோம். முடிவு வரவில்லை. வந்தால் சங்கமே மகிழும்.

நண்பர்களே, சரக்கு தீர்ந்தால் வாங்கலாம், கட்டடம் போனால் கட்டலாம். பெயர் போனால் மீட்பது கடினம். உங்கள் பொட்டலத்தில் உள்ள பெயரை 1999ஆம் ஆண்டு வணிகச் சின்னச் சட்டப்படி பதிவு செய்துவிட்டீர்களா? பதிவு பத்து ஆண்டுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்க வேண்டும். பதிவகம் சென்னையிலும் இருக்கிறது. பதிவு யார் பெயரில், கடையின் பெயரிலா, ஒருவர் பெயரிலா என்பதைத் தகப்பனார் இருக்கும்போதே எழுத்தில் முடித்துவிடுங்கள். பற்று எவ்வளவு பெரிய மனிதருடையது என்றாலும் மாதம் ஒரு முறை வசூலித்துவிடுங்கள். வாடிக்கையாளரின் விருப்பத்தை ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்.

இதற்கு வியன்னாவுக்குப் போக வேண்டுமா என்று கேட்பீர்கள். வேண்டியதில்லை. நாங்கள் போய் வந்த செலவு, உங்களுக்கு மிச்சம்.