பாபுவோன் கோயில்

பாபுவோன் என்பது கம்போடியாவின் அங்கோர் தோம் நகர மதிலுக்குள், பயோன் கோயிலுக்கு வடமேற்கே அமைந்துள்ள சிவன் கோயில் ஆகும். இது 11ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் இரண்டாம் உதயாதித்தவர்மன் காலத்தில் கட்டப்பட்டது. மேரு மலையின் உருவமாகப் படிப்படியாக உயரும் இவ்வகைக் கட்டடங்கள் 'கோயில்-மலை' எனப்படுகின்றன.

இதன் அடித்தளம் ஏறத்தாழ 120 மீட்டர் நீளமும் 100 மீட்டர் அகலமும் கொண்டது. உச்சிக் கோபுரம் இன்று இல்லை. அது இல்லாமலே கோயில் 34 மீட்டர் உயரம் உள்ளது. கிழக்கு வாயிலிலிருந்து குட்டையான உருண்டைத் தூண்களின்மேல் சுமார் 200 மீட்டர் நீளக் கல் நடைபாதை செல்கிறது. வாயில் சுவர்களில் இராமாயண, மகாபாரதக் காட்சிகள் சிறுசிறு கட்டங்களாக ஒன்றின்மேல் ஒன்றாகச் செதுக்கப்பட்டுள்ளன.

கோயிலின் பலவீனம் அதன் வயிற்றில் இருந்தது. வெளியே தெரிவது மணற்கல். உள்ளே நிரப்பப்பட்டது மணல். மழைநீர் இறங்கும்போதெல்லாம் நனைந்த மணல் சுவர்களை வெளிநோக்கித் தள்ளியது. கற்களுக்கிடையே சாந்து கிடையாது என்பதால் தடுத்து நிறுத்த ஒன்றும் இல்லை. 1943இல் ஒரு பகுதி சரிந்து விழுந்தது.

1960இல் பிரெஞ்சுத் தொல்லியலாளர்கள் ஒரு துணிச்சலான வழியைத் தேர்ந்தனர். கற்களைப் பிரித்தெடுத்து, ஒவ்வொன்றின் இடத்தையும் பதிவு செய்து, உள்ளே காங்கிரீட் சுவர் எழுப்பி மீண்டும் அடுக்குவது என்பதே திட்டம். உள்நாட்டுப் போரால் 1970களின் தொடக்கத்தில் பணி நின்றது. கெமர் ரூச் ஆட்சியைப் பிடித்த 1975இல் பதிவேடுகளும் அழிந்தன. காட்டில் பரப்பி வைத்திருந்த சுமார் 3,00,000 கற்கள் மட்டுமே எஞ்சின.

1995இல் பணி மீண்டும் தொடங்கியபோது பழைய ஒளிப்படங்களும் கற்களின் அளவுகளுமே வழிகாட்டின. சாந்தில்லாத கட்டடத்தில் ஒரு கல்லின் இடத்தில் வேறொரு கல் பொருந்தாது. கோயிலைச் சரியவிட்ட அதே குறை இங்கு உதவியாக அமைந்தது எனலாம். பணி 2011இல் நிறைவுற்றது.

மேற்குப் பக்கத்தில் மட்டும் பழைய வடிவம் முழுதாகத் திரும்பவில்லை. கோயில் பௌத்தர் வசமான பின்னர், ஏறத்தாழ 16ஆம் நூற்றாண்டில், இதன் கற்களைக் கொண்டே அங்கு சுமார் 70 மீட்டர் நீளப் பள்ளிகொண்ட புத்தர் உருவம் அமைக்கப்பட்டது. அதைக் கலைத்தால்தான் அக்கற்கள் பழைய இடம் சேரும். சீரமைப்பாளர்கள் புத்தரைக் கலைக்கவில்லை. அவ்வுருவத்தையும் சீர்செய்து அங்கேயே விட்டுள்ளனர்.